கெம்பம்மாவின் ஐந்து பக்கங்கள்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஐம்பது வருஷம் ஆகிறதாம். விழா எடுக்கிறார்கள், மலர் போடுகிறார்கள், வாசலில் பர்கூர் கருங்கல்லில் பேர் வெட்டி வைக்கப் போகிறார்கள். போன வாரம் விழாக் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பழைய ரிஜிஸ்டரைப் புரட்டியதில் பெரிய சங்கதி ஒன்று கிடைத்திருக்கிறது என்று முகமெல்லாம் பல்லாகச் சொன்னார்கள்.

"பாட்டி, இந்த ஊருல மொதமொதல்ல அஞ்சாவது பாஸ் பண்ண பொம்பள யாருன்னு தெரியுமா? ஒங்க தங்கச்சி கெம்பம்மாதான்! கல்லுல அவங்க பேருதான் மேல வருது."

நான் சிரித்தேன். பெருமையில் சிரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அவளைப் பற்றி மலரில் போட நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். சொல்கிறேன். எழுத எனக்குத் தெரியாது, சொல்லத் தெரியும். சொன்னதில் இனிப்பானதை வைத்துக்கொண்டு மீதியை வெட்டுவதானால் மொத்தத்தையும் விட்டுவிடுங்கள். இதை அன்றைக்கே அவர்களிடம் சொல்லிவிட்டேன்.

கெம்பம்மா பிறந்த அன்றே எங்கள் அம்மா போய்விட்டாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. அப்பன் பேர் கரியப்பன், பண்ணையில் ஆள். விடிவதற்கு முன்னால் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அதனால் பிள்ளை என் இடுப்புக்கு வந்துவிட்டது. ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்து வாயில் வைத்து வளர்த்தேன். என்னை முனிவேலுக்குக் கட்டிக்கொடுத்தபோது, தங்கச்சியும் கூட வருவாள், இஷ்டமானால் கட்டு என்றேன். கட்டினார். அதே ஊர்தான், நாலு வீடு தள்ளித்தான். ஆறு வயசில் அவள் எங்கள் ஒன்பது ஆடுகளையும் கல்லும் முள்ளுமான கரட்டுக்கு ஓட்டிப் போக ஆரம்பித்தாள். களியும் கொள்ளுச் சாறும் தின்று, வெயிலில் கறுத்து, குச்சி போல இருப்பாள். கண் மட்டும் ஒரு இடத்தில் நிற்காது.

பள்ளிக்கூடத்தைக் கோவிந்தப்பன் வாத்தியார் தன் வீட்டை ஒட்டி ஓடு போட்ட கொட்டகையில் நடத்தினார். சொந்தப் பள்ளிக்கூடம். ஆனால் சர்க்கார் அதற்கு வருஷா வருஷம் பணம் கொடுத்தது. எத்தனை பிள்ளைகள் வருகிறார்களோ அதற்குத் தக்கபடி. பெண் பிள்ளைகள் இருந்தால் இன்னும் நல்லது. உட்கார்ந்து படித்தவர்கள் பதினெட்டுப் பேர்: மணியக்காரர் வீட்டுப் பிள்ளைகள், கடைக்காரர் பிள்ளைகள், கொஞ்சம் நிலம் வைத்திருந்தவர்களின் பையன்கள். ரிஜிஸ்டரில் நாற்பது பேர். மீதி இருபத்திரண்டும் எங்கள் பிள்ளைகள். ஆடு மேய்க்கிறவர்கள், சாணி பொறுக்குகிறவர்கள், தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு திரிகிறவர்கள். தங்கள் பேர் அதில் இருப்பது அவர்களுக்கே தெரியாது. வருஷத்தில் ஒரு நாள், தை மாசத்தில், கிருஷ்ணகிரியிலிருந்து இன்ஸ்பெக்டர் வருவார். அந்த ஒரு நாளைக்கு அந்த இருபத்திரண்டு பேரும் வேண்டும்.

நாடு நம் கைக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆன சமயம். வாத்தியார் முதல் முறையாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா வெங்கடம்மா, வர்ற திங்கக்கெழம ஒரு நாளைக்குக் கெம்பம்மாவ அனுப்பு."

"அவ வந்தா ஆட்ட யாரு ஓட்டறது? நீங்க ஓட்டறீங்களா, வாத்தியாரே?"

"அட, ஒரு நாளைக்கு எம் பொண்டாட்டிய ஓட்டச் சொல்றன் போ. பொட்டுக்கடல குடுக்கறன், வெல்லம் குடுக்கறன். எம் பொண்ணு பாவாட ஒண்ணு இருக்குது, அதயும் குடுக்கறன். பாவாடய மட்டும் திருப்பிக் குடுத்துடு."

கொடுப்பதிலும் கணக்காக இருக்கிறாரே என்று சிரித்தேன். சரி என்றேன்.

திங்கட்கிழமைக்கு முன்னால் நாலு நாள் சாயங்காலம் பிள்ளைகளை வரச் சொன்னார். இருபத்திரண்டு பேருக்கும் எல்லாவற்றையும் சொல்லித்தர முடியுமா? ஆளுக்கு ஒன்று. ஒருத்தனுக்குப் பாட்டு, ஒருத்தனுக்கு இரண்டாம் வாய்ப்பாடு, ஒருத்தனுக்குக் கைகட்டி நின்று வணக்கம் சொல்வது மட்டும். கெம்பம்மாவுக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம். மேலே ஆனைப் படம், கீழே எழுத்து. அவள் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் வைத்து, "வெரல் போற எடத்துலதான் வாய் போவணும், முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். முதல் சாயங்காலமே பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து களிச்சட்டி முன்னால் உட்கார்ந்து தரையில் விரலை ஓட்டிக்கொண்டே சொல்லிக் காட்டினாள்.

"ஆனை வந்தது. ஆனை பெரியது. ஆனையின் கழுத்தில் மணி. மணி கணகண என்று ஆடியது."

எங்கள் வம்சத்தில் புத்தகத்தில் இருப்பது ஒருத்தர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

இன்ஸ்பெக்டர் அவளைத் தட்டிக்கொடுத்துப் சிலேட்டில் எழுதுகிற பாதிப் பலப்பம் ஒன்றைக் கையில் கொடுத்தாராம். பாவாடையைத் திருப்பிக் கொடுத்தோம். மறுநாள் அவள் கரட்டுக்குப் போய்விட்டாள். ரிஜிஸ்டரில் ஒன்றாம் வகுப்பு பாஸ்.

அடுத்த தை மாசம் இரண்டாம் புத்தகத்தில் ஒரு பக்கம், அணில். அதற்கடுத்தது மூன்றாம் புத்தகம், பல் துலக்குவது. அப்புறம் தேனீ. ஒவ்வொரு வருஷமும் நாலு சாயங்காலம், ஒரு பக்கம், ஒரு பாவாடை. இடையில் ஒரு தரம், இன்ஸ்பெக்டர் வருகிற காலமே இல்லை, ஆடி மாசம், வாத்தியார் வீட்டுக்கு வந்தார்.

"வெங்கடம்மா, நெசமாவே சொல்றன். இவள தெனமும் அனுப்பு. நல்ல மூள இருக்குது. வீணாக்காத."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அவதான் படிக்கறாளே, வாத்தியாரே! ஒங்க பள்ளிக்கூடத்துல மத்த புள்ளைங்க வருஷம் பூரா ஒக்காந்து படிக்கறத இவ நாலு நாள்ல படிச்சிடறா. மூள கம்மியா இருக்கற புள்ளைங்க ஒக்காரட்டும். இவளுக்கு எதுக்கு?"

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். போய்விட்டார்.

படிப்பது என்றால் அதுதான் என்று நான் நினைத்திருந்தேன். படத்தைப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரியும், விரலை வைத்தால் வாய் ஓடும். கெம்பம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். படிப்பை நேரில் பார்த்திராத வீட்டில் வேறு எப்படி நினைப்பார்கள்? அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் இருபத்திரண்டு பேரையும் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லாதது அவருக்கு வசதி. எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. ஒன்பது ஆடு பதினாறு ஆகியிருந்தது.

ஐந்தாம் புத்தகத்துப் பக்கம் ஆறுகளைப் பற்றியது. அது கொஞ்சம் கடினம். அதையும் நாலு சாயங்காலத்தில் பிடித்துக்கொண்டாள். அந்த வருஷம் சித்திரையில் கெம்பம்மா, தகப்பன் பேர் கரியப்பன், ஐந்தாம் வகுப்பு தேறியதாக எழுதி முடித்துவிட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்துதான் கடைசி வகுப்பு.

அந்தச் சித்திரையில்தான் இரண்டு கிடாய்களை விற்கக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போனோம். மெஹபூப் பாஷா என்கிற வியாபாரிக்குத்தான் எப்போதும் கொடுப்போம். கை சுத்தமான மனுஷன். அவர் மகள் அஸ்மத்துக்குக் கெம்பம்மா வயசுதான், பதினொன்று. கிருஷ்ணகிரியில் படிக்கிறவள். லீவுக்கு வந்து அப்பாவோடு வண்டியில் உட்கார்ந்திருந்தாள். நானும் பாஷாவும் கிடாயின் முதுகைத் தடவிப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது இரண்டு பெண்களும் வண்டியடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். கெம்பம்மா தான் ஐந்தாவது பாஸ் என்று சொல்லியிருக்கிறாள். அஸ்மத் நம்பவில்லை. அப்போது ஒருத்தன் தம்பட்டம் அடித்துக்கொண்டு ரோஸ் கலர் நோட்டீஸ் வீசிக்கொண்டு போனான். அஸ்மத் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தாள்.

"எங்க, இதப் படி பாக்கலாம்."

நோட்டீஸில் ஆனைப் படம் போட்டிருந்தது. கெம்பம்மாவின் முகம் மலர்ந்ததை நானே பார்த்தேன். தாளை நேராகப் பிடித்தாள். முதுகை நிமிர்த்தினாள். விரலை முதல் வரியில் வைத்தாள்.

"ஆனை வந்தது. ஆனை பெரியது. ஆனையின் கழுத்தில் மணி..."

அஸ்மத் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏ பைத்தியம்! மணியாம் மணி! இதுல மணி எங்கடி இருக்குது? கிருஷ்ணகிரில சர்க்கஸ் நடக்குதுன்னு போட்டிருக்குது. புலி வருதாம், கரணம் அடிக்கிறாங்களாம். நீ என்னாடி ஆன, மணிங்கற?"

"ஆன இருக்குதே. ஆன இருந்தா அப்படித்தானே படிக்கணும்?"

"எழுத்தப் பாத்துப் படிக்கணும்டி, படத்தப் பாத்து இல்ல! இது 'ச', இது 'ர்'. ஒனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாதா?"

பாஷா மகளை அதட்டினார். "அஸ்மத்! வாய மூடு. அந்தப் புள்ளய ஏன் அழ வெக்கற?" கெம்பம்மா அழவில்லை. தாளை நாலாக மடித்துப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டாள். வீடு வருகிற வரைக்கும் மூன்று மைலும் எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டு வாசலில் நின்று கேட்டாள்.

"யக்கா, ஒனக்குத் தெரியுமா?"

"என்னா?"

"நான் படிக்கல. எனக்கு ஒண்ணுமே தெரியல. அது தெரியுமா ஒனக்கு?"

தெரியாது என்றேன். அது நிஜம். ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் பொய் சொன்ன மாதிரியே இருந்தது.

மறுநாள் ஆட்டை ஓட்டவில்லை. பள்ளிக்கூடம் திறந்த அன்று தானாகவே போய், ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளோடு மணலில் உட்கார்ந்துவிட்டாள். பதினொரு வயசு, தலை மட்டும் தனியாக உயர்ந்து தெரிந்ததாம். மணியக்காரர் வீட்டுப் பையன்கள் "ஆனை வந்தது, ஆனை பெரியது" என்று கத்தினார்களாம். வாத்தியார் வெளியே கூட்டிப் போய் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். அவள் வரவில்லை, வேலியோரம் நின்றாள். செய்தி எனக்கு வந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன்.

"ஏன் வாத்தியாரே, ஒரு நாளைக்குன்னா ஊட்டு வாசல்ல வந்து நின்னு கேக்கறீங்க. தெனமும் வர்றன்னு புள்ள வந்தா வெரட்டறீங்களா?"

"மெதுவாப் பேசும்மா. அவ அஞ்சாவது பாஸாகிப் போய்ட்டா. ரிஜிஸ்டர்ல முடிஞ்சிடுச்சு. அவள எப்படி ஒண்ணாவதுல போடறது?"

"போட வேண்டியதுதான். அவளுக்குத்தான் ஒண்ணும் தெரியலயே."

"அத எழுதச் சொல்றியா? 'அஞ்சு வருஷமா பொய் எழுதினன்'னு எழுதச் சொல்றியா? எழுதினா பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. அப்பறம் அந்தப் பதினெட்டுப் புள்ளைங்களுக்கும் ஒண்ணும் கெடயாது."

"அப்போ ஆறாவதுக்குக் கிருஷ்ணகிரிக்கு அனுப்புங்க."

"அனுப்பலாம். போன ஒடனே மொதல் நாளே படிக்கச் சொல்வாங்க. என்னா படிப்பா? ஆறுகளா?"

அவர் கெட்டவர் இல்லை. கண் கலங்கியிருந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒரு வழி இருக்குது. வேற பேர்ல சேத்துக்கறன். முனிலட்சுமி, வயசு ஆறுன்னு போட்டுக்கறன். இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு மட்டும் இவ வர வேணாம். மத்த நாளெல்லாம் வரட்டும். நான் ஒழுங்காச் சொல்லித் தர்றன். சத்தியம்."

கெம்பம்மா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குச் சம்மதம். அது எனக்குத் தெரிந்தது. ஆனால் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க ஆத்தா உசுர விட்டுத்தான் இவ பொறந்தா. ஆத்தா பேரு கெம்பம்மா, அதத்தான் இவளுக்கு வெச்சிருக்குது. வராத நாளுக்கெல்லாம் அந்தப் பேர எழுதிக்கிட்டீங்க. வர்ற நாளுக்கு வேற பேரா? முடியாது. இதே பேர்ல ஒண்ணாவதுல போடுங்க. இல்லன்னா இன்ஸ்பெக்டர் கிட்டயே கேக்கறன்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் அவள் சொன்னாள்: "பேரு எதுவா இருந்தா என்னா யக்கா?" நான் கேட்கவில்லை. என் பிடிவாதத்தை இந்த ஊரில் எல்லாரும் புகழ்வார்கள். வாய் செத்தவள் இல்லை வெங்கடம்மா என்பார்கள். அந்தப் பிடிவாதம் யாருடைய வாழ்க்கையில் போய் விழுந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தை மாசம் வரைக்கும் காத்திருந்தோம். அந்த எட்டு மாசமும் அவள் அந்த ரோஸ் தாளைக் கரட்டுக்குக் கொண்டு போனாள். பாறையில் கரிக்கட்டியால் அதைப் பார்த்து வரைந்திருப்பாள். எது எழுத்து, எது பூ வேலைப்பாடு என்று தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்து வரைந்திருப்பாள்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று அவளை நானே குளிப்பாட்டி, எங்கள் துணியையே உடுத்தி அழைத்துப் போனேன். கடன் பாவாடை வேண்டாம் என்று. கொட்டகைக்குள் நாற்பது தலை. பின்வரிசையில் எங்கள் தெருப் பிள்ளைகள் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வாத்தியார் முகம் வெளுத்தது. அந்த வருஷம் வந்தவர் புது இன்ஸ்பெக்டர். கண்ணாடி போட்ட சின்ன வயசுக்காரர். அன்றைக்கு இன்னும் இரண்டு ஊர் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சாமி, ஒரு வார்த்த. இவ எந் தங்கச்சி. அஞ்சாவது பாஸ்னு எழுதியிருக்குது. இவளுக்குப் படிக்கத் தெரியாது. திருப்பி ஒண்ணாவதுல போடச் சொல்லுங்க."

அவர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். "ஐந்தாம் புத்தகம் கொண்டாருங்கள்" என்றார் இன்ஸ்பெக்டர். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். முடிந்தது, இப்போது தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

புத்தகத்தை வாங்கிக் கையில் வைத்து அப்படியே விட்டார். அது தானாக விரிந்தது. வருஷா வருஷம் ஒரே பக்கத்தைத் திறந்து திறந்து எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கிய புத்தகம். கட்டு அந்த இடத்தில் விட்டுப்போயிருந்தது. வேறு எங்கே விரியும்? பாலமும் தண்ணீரும் போட்ட படம்.

"எங்கே அம்மா, படி."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாது என்று சொல்லப்போகிறாள் என்று பார்த்தேன். அவள் படத்தைப் பார்த்தாள். கண்ணாடிக்காரரைப் பார்த்தாள். முதுகு நிமிர்ந்தது. விரல் தானாகப் போய் முதல் வரியில் உட்கார்ந்தது.

"நம் நாட்டில் பாயும் ஆறுகள் பல. அவை மலைகளில் தோன்றிக் கடலில் கலக்கின்றன. ஆறு பாயும் இடமெல்லாம் வளம் கொழிக்கும். மக்கள் மகிழ்வுடன் வாழ்வர்."

முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. ஆற்றையே பார்க்காத பிள்ளை, மணி அடித்த மாதிரி சொன்னாள். பின்வரிசைப் பிள்ளைகள் கைதட்டினார்கள், அப்படித்தான் அவர்களைப் பழக்கியிருந்தார்கள்.

"அடுத்த பக்கம் திருப்புங்க சாமி! அடுத்த பக்கம்!" என்று கத்தினேன்.

இன்ஸ்பெக்டர் புத்தகத்தைப் படார் என்று மூடினார். "ஏன் அம்மா, உனக்கு வெட்கமாக இல்லை? இவ்வளவு தெளிவாகப் படிக்கிற பெண்ணைத் தெரியாது என்று சொல்கிறாயே. உங்களைப் போன்றவர்களால்தான் பெண்கள் முன்னுக்கு வருவதில்லை. படித்தவள் ஆடு மேய்க்கப் போகமாட்டாள் என்று கவலையா? சீக்கிரம் எவன் தலையிலாவது கட்டிவிடலாம் என்று பார்க்கிறாயா?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். அவர் வாத்தியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த மாதிரிக் குடும்பத்திலிருந்து ஒரு பெண்ணை இந்த அளவுக்குக் கொண்டு வந்திருக்கிறீர்களே என்றார். தேறின சர்டிபிகேட்டை வாங்கிக்கொள்ளவில்லையா, இன்றைக்கே கொடுங்கள் என்று சொல்லி அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியேறினார்.

சர்டிபிகேட் வாங்கினதற்கு ரிஜிஸ்டரில் ஒப்பம் வைக்க வேண்டும். வாத்தியார் மசிக் குப்பியை என் பக்கம் தள்ளினார். "கார்டியன் வெக்கலாம், வெங்கடம்மா. கைரேக போதும்." நான் கையை நீட்டுவதற்குள் கெம்பம்மா முன்னால் வந்தாள். "சர்டிபிகேட்டு என்னுது. நான்தான் வெக்கணும்." வாத்தியார் கெஞ்சுகிற மாதிரி அவளைப் பார்த்தார். அவள் பெருவிரலை மசியில் முக்கித் தன் பேருக்கு எதிரே அழுத்தினாள். நல்லா அழுத்தினாள். தாள் பின்பக்கம் வரைக்கும் ஊறியது.

வெளியே வந்து புளியமரத்தடியில் நின்றபோதுதான் கேட்டேன். கோபத்தில் தோளைப் பிடித்து உலுக்கினேன். "ஏண்டி? ஏன் படிச்ச?"

"அவரு படின்னாரு யக்கா. வாய் தானா வந்துடுச்சு. நிறுத்தப் பாத்தன், நிக்கல."

பள்ளிக்கூடம் அவளுக்கு ஒன்றுமே சொல்லித் தரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லிக் கொடுத்தது. பெரிய மனுஷர் வந்தால் எழுந்து நில், முதுகை நிமிர்த்து, அவர் எதைக் கேட்க ஆசைப்படுகிறாரோ அதைச் சொல். முன்வரிசைப் பதினெட்டுப் பேருக்கு எழுத்தையும் சொல்லிக் கொடுத்தார்கள், கணக்கையும் சொல்லிக் கொடுத்தார்கள். பின்வரிசைக்கு இது போதும் என்று விட்டுவிட்டார்கள். முன்வரிசைப் பையன்களில் ஒருத்தன் பின்னால் கணக்குப்பிள்ளை ஆனான், ஒருத்தன் பெங்களூரில் கம்பெனி வேலைக்குப் போனான். பின்வரிசைக்காரர்கள் அவர்கள் வீட்டு வாசலில் போய்க் கைகட்டி நின்று மனு எழுதச் சொல்லிக் கேட்டார்கள். எப்படி நிற்பது என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

நாலு நாள் கழித்து என் ரோஷத்தை விழுங்கிக்கொண்டு வாத்தியாரிடம் போனேன். "முனிலட்சுமின்னே போட்டுக்கங்க" என்றேன்.

"இனிமே எந்தப் பேர்லயும் முடியாதும்மா. அவரு இவ மொகத்தப் பாத்துட்டுப் போய்ட்டாரு. இவளப் பத்தி மேல எழுதியும் அனுப்பிட்டாரு, எப்ப வேணும்னாலும் யாராவது பாக்க வரலாம்." பிறகு சொன்னார்: "அன்னிக்கே சரின்னு சொல்லியிருக்கலாம் நீ."



என் மகள் ஜோதிக்கு அந்த வருஷம் ஆறு வயசு. பள்ளிக்கூடம் திறந்த முதல் நாளே அவளை நான் கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வைத்தேன். மணியக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில். யாரும் வாயைத் திறக்கவில்லை, நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். மழை, காய்ச்சல், அறுவடை, எதற்கும் நிறுத்தவில்லை. ஜோதி படித்தாள். நிஜமாகவே படித்தாள். ஆனால் ஜோதி மேய்க்க வேண்டிய ஆட்டை யாராவது மேய்க்கத்தானே வேண்டும்? கெம்பம்மா மேய்த்தாள். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள், பெண்ணைப் படிக்க வைத்தவள் என்று. ஒரு பெண்ணைக் கரட்டில் நிறுத்தித்தான் இன்னொரு பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தேன்.

இரண்டு வருஷம் போனது. ஒரு சாயங்காலம் ஜோதி விளக்குமாடத்தடியில் உட்கார்ந்து தன் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கெம்பம்மா ஆட்டைக் கட்டிவிட்டு வந்தாள். அந்தப் புத்தகத்தின் பக்கத்திலேயே வராதவள் அன்றைக்கு என்னவோ குனிந்து பார்த்தாள்.

"ஆனப் படம் எங்கடி?"

"ஆனயா? இதுல ஆன இல்ல, சின்னம்மா. இது கோழி."

"நல்லாப் பாரு. மேல ஆன இருக்கும், கீழ எழுத்து இருக்கும். ஆனை வந்தது, ஆனை பெரியது..."

"அது பழைய புஸ்தகம் சின்னம்மா. இப்பல்லாம் வேற. இதுல எங்கயும் ஆன இல்ல." ஜோதி எல்லாப் பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினாள். பிறகு, குழந்தைதானே, ஆசையாகச் சொன்னாள்: "வா, ஒக்காரு. நான் சொல்லித் தர்றன். இது 'க'. வெரல வெய்யி."

கெம்பம்மா விரலை நீட்டினாள். எழுத்துக்கு ஒரு நூல் தூரத்தில் நிறுத்தினாள். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கையை மடக்கிக்கொண்டாள்.

"எனக்கு எதுக்குடி? நான்தான் அஞ்சாவது பாஸாச்சே."

சிரித்துக்கொண்டே சொன்னாள். ஜோதியும் சிரித்தாள். அதற்கப்புறம் கெம்பம்மா எந்தத் தாளையும் தொட்டு நான் பார்க்கவில்லை. உத்தனப்பள்ளியில் கட்டிக்கொடுத்தோம். படித்த பொண்ணு என்று விரும்பித்தான் கேட்டு வந்தார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் உண்மை தெரிந்தபோது எங்களை ஏமாற்றுக்காரர்கள் என்றார்கள். அவள் அங்கேயும் ஆடு மேய்த்தாள், பிள்ளை பெற்றாள், போன மாசிக்கு மூன்று வருஷம் ஆகிறது, போய்விட்டாள். சாகிறதுக்கு முன்னால், அவள் மகனுக்குப் பஞ்சாயத்தில் மாலை போட்டு மரியாதை செய்த அன்றும், வந்தவர்கள் நோட்டில் ஒப்பம் வைக்கச் சொன்னபோது விரலைத்தான் நீட்டினாள்.

கமிட்டிக்காரர்களே, கல்லில் அவள் பேரை வெட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். வெட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அந்தப் பழைய ரிஜிஸ்டரை மறுபடி எடுங்கள். அவள் பேரைப் பார்த்தீர்கள், பாஸ் என்று இருந்ததைப் பார்த்தீர்கள். அந்த வரியின் கடைசியில் மசி ஊறிய ஒரு பெருவிரல் ரேகை இருக்கும். படித்தவர்கள் நீங்கள், இத்தனை வருஷமாக அது அங்கேயே இருக்கிறது. அவள் தன் கையால் அந்தப் பள்ளிக்கூடத்தில் எழுதியது அது ஒன்றுதான். அதைப் படியுங்கள்.